கூப்பிட்டது காவேரியைத்தான்

என் தம்பி கால்நடை மருத்துவர். அது அரசாங்கப் பதிவேட்டில். எங்கள் குடும்பத்தில் அவன் மாட்டு டாக்டர். லால்குடிப் பக்கம் முப்பது வருஷமாகப் பசுவுக்கும் எருமைக்கும் ஊசி போடுகிறவன், ஸ்ரீரங்கத்துக்கு வந்தால் எங்கள் வாயில் அகப்பட்டுக்கொள்வான். யாருக்காவது காய்ச்சல் என்றால் அவனிடம் சொல்லிவிடாதே, மூக்கணாங்கயிறு போட்டுவிடுவான் என்போம். குழந்தை சாப்பிடவில்லை என்றால் அவனைக் கேள், பிண்ணாக்கு எழுதிக் கொடுப்பான் என்போம். இந்தக் கேலிக்கெல்லாம் தலைமை நான்தான். கூடப் பிறந்த அக்கா என்ற உரிமை. அவனும் சிரித்துக்கொண்டே இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொள்வான். அதனால் உறைக்கவில்லை என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

போன ஆவணி மாதம் எங்கள் அபார்ட்மெண்டில் மோட்டார் எரிந்துபோனது. மேலூர் ரோட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். மாடித் தொட்டி காலி. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பாத்ரூமிலிருந்து வெளியே வந்த என் கணவர் கதவை மறித்துக்கொண்டு நின்று, நீ உள்ளே போகாதே, கீழேயிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து நானே ஊற்றுகிறேன் என்றார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் இவர் தானாக ஒரு வாளியைத் தூக்கி நான் பார்த்ததில்லை. சந்தேகம் வராமல் இருக்குமா? அவர் லிஃப்டில் இறங்கியதும் போய்ப் பார்த்தேன். பீங்கானில் தண்ணீர் ரோஸ் நிறமாக இருந்தது. அதன் நடுவில் ஒரு துளி நல்ல சிவப்பு.

திரும்பி வந்தவரிடம் அது என்ன என்று கேட்டேன். பீட்ரூட் என்றார். நம் வீட்டில் பீட்ரூட் வாங்கி மூன்று மாதம் ஆகிறது என்றேன். வாளியைக் கீழே வைத்தார். அதுவும் மூன்று மாதமாகத்தான் இருக்கிறது என்றார். வலி பெரிதாக இல்லை, சிறுநீர் போய் முடியும்போது மட்டும் கொஞ்சம் எரிச்சல், தானாகப் போய்விடும் என்று இருந்துவிட்டேன் என்று, மார்க் ஷீட்டை ஒளித்து வைத்த பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஆயுசு முழுக்கப் பையன்களுடைய மார்க் ஷீட்டைப் பார்த்த வாத்தியார் இவர். எனக்கு வந்த கோபத்தில் அந்த வாளித் தண்ணீரை அவர் தலையிலேயே ஊற்றியிருப்பேன். கீழேயிருந்து தூக்கி வந்த தண்ணீராயிற்றே என்று விட்டேன்.

முதலில் கல் என்று நாங்களே முடிவு செய்தோம். திருச்சியில் கல் என்றால் வாழைத்தண்டு. ஒரு வாரம் வாழைத்தண்டுக் கூட்டு, வாழைத்தண்டுப் பச்சடி, வாழைத்தண்டு மோர்க்கூட்டு, காலையில் வெறும் வயிற்றில் வாழைத்தண்டுச் சாறு. இவர் முனகாமல் சாப்பிட்டார். நிறம் மட்டும் மாறவில்லை. பிறகு தில்லை நகரில் சிறுநீரக டாக்டர் ஒருவரிடம் போனோம். ஸ்கேனில் கல் எதுவும் தெரியவில்லை. மூத்திரப்பையின் சுவர் ஓரிடத்தில் தடித்திருக்கிறது என்றார். சிகரெட் உண்டா, சாயப் பட்டறையில் வேலை செய்தீர்களா என்று கேட்டார். இவர் காபியைத் தவிர வேறு பழக்கம் இல்லாதவர். ரிட்டயராவதற்கு முன்னால் பொன்மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார், பின்னால் நான்கு வருஷம் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் அதே பிசிக்ஸ், திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதை எல்லாம் டாக்டர் எழுதிக்கொண்டார். மலாவி என்றதும் மலேரியா வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்றோம்.

"சார், உள்ள ஒரு ட்யூப் விட்டுப் பார்த்துடலாங்க. தேவைப்பட்டா கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பலாம். வளர்ச்சி ஏதாவது இருந்தா சீக்கிரம் தெரிஞ்சுக்கறது நல்லது," என்றார்.

மிக நல்ல மனிதர். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்த வளர்ச்சி என்ற சொல் என்னோடு ஆட்டோவில் ஏறி, காவேரிப் பாலம் கடந்து, வீடு வரைக்கும் வந்தது. அடுத்த வியாழக்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். இவர் வழியெல்லாம் பாலத்தில் டிராஃபிக் அதிகமாகிவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். இவர் இல்லாமல் அந்த மூன்றாவது மாடியில் நான் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். பயமாக இருந்தது. அவ்வளவுதான், அதற்கு வேறு பெயர் இல்லை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் துணைக்கு ஓர் ஆண்பிள்ளை வேண்டுமே என்று தம்பிக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஸ்கூட்டரில் வந்துவிட்டான். ஸ்கேன் காகிதங்களை வாங்கிப் புரட்டினான். நான் காபி கலக்க உள்ளே போனேன். மாட்டு டாக்டருக்கு மனுஷ ஸ்கேன் என்ன புரியும் என்று வாய் வரைக்கும் வந்தது. அன்றைக்கு மனசு வரவில்லை. ஹாலில் அவன் இவரிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"அத்திம்பேரே, மலாவியில ஏரி, குளம், வாய்க்கால் எதுலயாவது காலை வச்சேளா?"

"இல்லையேப்பா. ஸ்கூல் விட்டா ஆத்துக்குன்னு இருந்தேன்," என்றார் இவர்.

பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இவர் பொய் சொல்கிறவர் இல்லை. சில்லறை அதிகமாகக் கொடுத்துவிட்டான் என்று கடைக்குத் திரும்பி நடந்து போகிற ஆள். தம்பியோ விடாமல், அப்படியானால் நான் நினைத்தது இருக்க வழியில்லை என்று விளக்க ஆரம்பித்தான். இங்கே மாட்டுக்குக் குறட்டை நோய் என்று ஒன்று வரும். மூக்கு அடைத்து, இழுத்து இழுத்து மூச்சு விடும். குளத்து நத்தையில் வளர்கிற ஒரு புழு, தண்ணீரில் இறங்குகிற மாட்டின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், மூக்கின் ரத்தக் குழாயில் குடித்தனம் வைக்கும். அதன் பங்காளி ஒன்று ஆப்பிரிக்காவில் உண்டு. அது மனுஷாளுக்கு வரும். மூத்திரப்பையைச் சுற்றியுள்ள ரத்தக் குழாயில் உட்கார்ந்துகொண்டு முட்டையிடும். முட்டை சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போது ரத்தம் போகும், சுவர் தடிக்கும். ஆனால் தண்ணீரில் இறங்கினால்தான் வரும் என்று முடித்தான்.

பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

அந்த ஏரியைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். மலாவியில் எங்களுக்குக் கொடுத்த வீட்டின் வாசலில் நின்றால் ஏரி. ஏரி என்று பெயர்தான், அக்கரை தெரியாது. போன முதல் வருஷம் ஐப்பசி பிறந்த அன்று நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். ஸ்ரீரங்கத்துக்காரிக்கு ஐப்பசி என்றால் துலா ஸ்நானம். அந்த ஒரு மாதம் எல்லா நதியும் காவேரியில் வந்து சேர்வதாகச் சொல்வார்கள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரு வருஷம்கூட நான் அம்மா மண்டபம் படித்துறையில் ஐப்பசி முழுக்குத் தவறியதில்லை. அங்கேயோ ஒரு பிளாஸ்டிக் வாளியும் ஷவரும். இவர் வந்து பார்த்தார். எந்தத் தண்ணீரிலும் காவேரியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்று நீதானே சொல்வாய், வாசலில் இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே என்றார். இவருக்கு அதில் எல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. நான் அழுவதை நிறுத்த வேண்டும், அதற்காகச் சொன்னார்.

நான் சும்மா குதித்துவிடவில்லை. தீர விசாரித்துத்தான் இறங்கினேன். விடியற்காலையில் போகலாம் என்றால், பள்ளிக்கூடத்துக் காவல்காரர் கூடவே கூடாது என்றார். நீர்யானைகள் கரையில் மேய்ந்துவிட்டுத் தண்ணீருக்குத் திரும்புகிற நேரமாம். சரி, ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி, நல்ல வெயிலில் போகலாம் என்று முடிவு செய்தேன். ஆபத்துக்குத் தோஷமில்லை என்று பெருமாளிடமும் சொல்லிவிட்டேன். அடுத்தது இடம். வெள்ளை மணல் கரையில் ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் ஆடிக்கொண்டிருக்கும். ஈரப் புடவையோடு அத்தனை பேர் நடுவில் எப்படி எழுந்து வருவது? அதனால் சற்றுத் தள்ளி, நாணல் அடர்ந்து மறைவாக, அலையே இல்லாமல் தண்ணீர் அசையாமல் நிற்கிற ஒரு மூலையைக் கண்டுபிடித்தேன். நாணல் தண்டுகளில் சின்னச் சின்ன நத்தைகள் ஒட்டியிருக்கும். அவை என்னை என்ன செய்துவிடப் போகின்றன?

எனக்குப் பயமெல்லாம் முதலைதான். அதற்கு இவர் ஒரு வழி செய்தார். எனக்கு முன்னால் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் ஏரியைப் பார்த்தபடி கையை விரித்துக்கொண்டு வேலி மாதிரி நிற்பார். நான் காவேரியைக் கூப்பிட்டு, மூன்று முழுக்குப் போட்டு, அர்க்யம் விட்டு, புடவையைப் பிழிந்து, ஈரத்தோடு இரண்டு ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கிற வரைக்கும் அரை மணி நேரம் அங்கேயே நிற்பார். நான்கு ஐப்பசி. வாத்தியாரும் வாத்தியாரம்மாவும் பிரார்த்தனை செய்கிறார்கள் என்று ஊர்க்காரர்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையில்தான் யாரும் எங்களை எச்சரிக்காமல் விட்டார்களோ என்னவோ.

காபியில்லாமலே ஹாலுக்கு வந்தேன்.

"இறங்கினார். நான்தான் இறக்கினேன்," என்றேன்.

இவர் எழுந்துவிட்டார். நான் நீச்சலடிக்கப் போனேன், அவளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். தம்பி இவரை ஏற இறங்கப் பார்த்தான். ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தும் நீச்சல் தெரியாத மனிதர் இவர் ஒருவர்தான் என்பது சம்பந்தி வீடு வரைக்கும் தெரிந்த விஷயம். அம்மா மண்டபத்தில் முழங்கால் தண்ணீருக்கே படித்துறைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். இப்படிப்பட்டவர் மலாவி ஏரியில் நீச்சலடித்தாராம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நேரம், நாணல், நத்தை, வேலி மாதிரி நின்றது, ஒன்றுவிடாமல். தம்பி கேட்கக் கேட்கத் தலையில் கையை வைத்துக்கொண்டான். அந்தப் புழு நத்தையை விட்டு வெளியே வருவதே வெயில் ஏறின பிறகுதானாம். அசையாத தண்ணீர், நாணல், நத்தை, நடுப்பகல். அதைவிடப் பொருத்தமாக ஒரு முகூர்த்தம் யாராலும் பார்த்திருக்க முடியாது என்றான். வேறொரு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. இவருக்கு என்ன வந்திருந்தாலும் அது என்னால் வந்தது. அரை மணி நேரம் தண்ணீரில் நின்றவர் அவர். மூன்று முழுக்கோடு கரையேறியவள் நான்.

அதற்குள் தம்பி வேறு ஆளாக மாறிவிட்டான். பாயசம் வாங்கிக்கொள்கிற தம்பி போய், லால்குடி டாக்டர் வந்துவிட்டார். இதுவரை கொடுத்த சிறுநீர் எல்லாம் எந்த நேரத்தில் கொடுத்தது என்று கேட்டான். எல்லா லேபிலும் சொல்கிறபடி விடிந்ததும் முதல் சிறுநீர் என்றோம். அதில் முட்டை சுலபமாக அகப்படாது, பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் உடம்பு நன்றாகக் குலுங்க வேண்டும் என்றான். குலுங்குவதற்கு எங்கே போவது என்று கேட்டேன்.

"திருச்சியில இருந்துண்டு இதைக் கேக்கறியே, அக்கா. மலைக்கோட்டை எதுக்கு இருக்கு?" என்றான்.

மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மலைக்கோட்டை அடிவாரத்தில் மூன்று பேரும் நின்றோம். என் மாமனார் பெருமாள் கோயிலைத் தவிர வேறு கோயில் வாசலில் செருப்பைக்கூட விடாதவர். அவருடைய பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் உச்சிப் பிள்ளையார் தரிசனத்துக்குப் போவதே அவருக்கு வருத்தமாக இருந்திருக்கும். தரிசனத்துக்கு இல்லை, மூத்திரத்துக்கு என்று தெரிந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. தம்பி, நீயும் ஏறு, உன்னையும் டெஸ்ட் பண்ண வேண்டும் என்று என்னையும் தள்ளிவிட்டான். அவன் மட்டும் கீழே கடையில் சர்பத் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நானூற்றுச் சொச்சம் படிகள். இவர் வழியில் ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தார், அதுவும் டாக்டர் உத்தரவு. நான் ஐம்பது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தேன். மேலே போய்ப் பிள்ளையாரைச் சேவித்துவிட்டு, காற்றில் நின்றோம். வடக்கே காவேரி, அதற்கப்பால் தென்னந்தோப்பு நடுவில் எங்கள் ராஜகோபுரம், அதற்கும் அப்பால் கொள்ளிடம். ஆற்றில் நல்ல தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நான் கையைக் கூப்பிக்கொண்டேன். பிள்ளையாரையா, பெருமாளையா, காவேரியையா, யாரை வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. என்ன வேண்டிக்கொண்டேன் என்பது நன்றாகத் தெரியும். புழுவாக இருக்க வேண்டும். வளர்ச்சி வேண்டாம், புழுவே போதும். இந்த அறுபது வயதில், கட்டின கணவனுக்குப் புழு வர வேண்டும் என்று மலையேறி வேண்டிக்கொண்ட பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இறங்கும்போது இவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. குடித்த தண்ணீர் வேலையைக் காட்ட, படியில் ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் தம்பிக்குத் தெரிந்தவருடைய சின்ன லேப். அங்கே போவதற்குள் ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் இவர் என் கையை நசுக்கினார். டாக்டர் குலுங்கச் சொன்னார், ஆட்டோக்காரர் பாக்கியை முடித்துவைத்தார். லேப் பெண் நீட்டிய டப்பாவைப் பறித்துக்கொண்டு இவர் உள்ளே போன வேகத்தை நான் மலாவியிலும் பார்த்ததில்லை. அப்புறம் என்னிடமும் ஒரு டப்பா நீட்டப்பட்டது.

லேப் பெண் முதலில் இவர் கொடுத்ததை மெஷினில் சுற்றவிட்டு, அடியில் தங்கினதைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தலையைத் தூக்காமலே தம்பியைக் கூப்பிட்டாள்.

"சார், இது நான் புக்ல மட்டும்தாங்க பார்த்திருக்கேன்."

தம்பி குனிந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னான். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் என் இமையையே பார்த்தேன். அப்புறம் தெரிந்தது. பூசணி விதை போல ஒன்று, ஒரு முனையில் மட்டும் கூராக ஒரு முள். அதன் பக்கத்தில் இன்னொன்று. அந்த முள்தான் கிழிக்கிறது என்றான் தம்பி. இவர் பின்னால் நின்று, என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். புழுதான் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. லேப் பெண் பயந்துபோய், அம்மா, மாத்திரை இருக்குங்கம்மா, சரியாயிடும் என்று என்னைத் தேற்றினாள். நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? என்னுடைய டப்பாவிலும் மூன்று முட்டைகள் இருந்தன. அதைக் கேட்டு, விட்டுப்போகாமல் எனக்கும் பங்கு வந்ததே என்று இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் இருந்தது.

தில்லை நகர் டாக்டர் ரிப்போர்ட்டையும் போனில் எடுத்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நம் ஊரில் இல்லாத வியாதி, எனக்குத் தோன்றவே இல்லை என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். சென்னையில் யாரிடமோ பேசினார். இருந்தாலும் வியாழக்கிழமை ட்யூப் விட்டுப் பார்த்துவிடுவோம், இந்தப் புழு நாள்பட்டால் அந்த வளர்ச்சிக்கும் வழி செய்யும் என்றார். அதனால் வியாழக்கிழமை வரைக்கும் என் பயம் முழுதாகப் போகவில்லை. அன்று வெளியே வந்து, உள்ளே மணலைத் தூவினாற்போல் அங்கங்கே முட்டைகளின் தழும்பு இருக்கிறது, வேறு எதுவும் இல்லை என்றார். பிறகு, உங்க தம்பி எந்த ஆஸ்பத்திரியில இருக்காருங்க என்று கேட்டார்.

"மாட்டாஸ்பத்திரியில," என்றேன். அந்தச் சொல்லை அவ்வளவு பெருமையோடு நான் அதற்கு முன் சொன்னதில்லை.

மாத்திரை சென்னையிலிருந்து வந்தது. எடைக்குத் தக்கபடி எத்தனை என்று கணக்கு. டாக்டர் எடை மெஷினைக் கொண்டுவரச் சொல்வதற்குள் தம்பி என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்து, அறுபத்தெட்டு என்றான். மெஷினும் அறுபத்தெட்டுதான் காட்டியது. முப்பது வருஷம் மாட்டைப் பார்த்த கண் என்றான். இத்தனை வருஷக் கேலிக்கும் ஒரே அடியில் திருப்பிக் கொடுத்துவிட்டான். நான் வாயை மூடிக்கொண்டு மாத்திரையை வாங்கிக்கொண்டேன். அது படுகசப்பு. இரண்டு பேரும் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்து விழுங்கினோம். சாயங்காலம் வரைக்கும் தலை சுற்றியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி எங்களுக்குப் பேச்சுத்துணையாக அந்தப் புழுவின் குடும்ப வாழ்க்கையைச் சொன்னான். ஆண் புழு பெண் புழுவைத் தன் மடிப்புக்குள் வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க விடவே விடாதாம். வருஷக்கணக்காக அப்படியே இருக்குமாம். இவர் கண்ணை மூடிக்கொண்டே, பாவம், அதையா கொல்கிறோம் என்றார்.

எனக்கு வேறொரு கவலை. திரும்பி வந்த பிறகு இரண்டு ஐப்பசியும் காவேரியில் முழுகியிருக்கிறோமே, அந்த முட்டைகளை நம் ஆற்றில் விட்டுவிட்டோமா? தம்பியிடம் கேட்டேன். அந்த முட்டை பிழைக்க அதற்கென்று ஒரு நத்தை வேண்டும், அந்த நத்தை நம் காவேரியில் இல்லை என்றான். சரி என்றேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்த வருஷம் ஐப்பசி பிறந்தது. நான் படித்துறைக்குப் போகவில்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன். எதிர் வீட்டு மாமி ஈரப் புடவையோடு லிஃப்டில் ஏறும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

ஐப்பசி பாதியில் மறுபடி லேபில் போய் இரண்டு பேரும் கொடுத்தோம். அதே பெண் ரொம்ப நேரம் தேடிவிட்டு, ஒன்றுகூட இல்லை என்றாள். இவருக்கு ரத்தம் நின்று ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு இவர் மாற்று வேஷ்டியும் என் மாற்றுப் புடவையும் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். முழங்கால் வலி என்றேன். மலைக்கோட்டை ஏறின முழங்கால்தானே, நட என்றார்.

அம்மா மண்டபத்தில் நல்ல கூட்டம். படியில் தண்ணீர் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. கடைசி உலர்ந்த படியில் நான் நின்றுவிட்டேன். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இவர் நின்றார்.

"அன்னிக்கு ஏன் தம்பிகிட்ட ஏரியில இறங்கலைன்னு பொய் சொன்னேள்?" என்று கேட்டேன். இரண்டு மாதமாகக் கேட்காமல் வைத்திருந்தது.

"அவன் கேட்டவுடனே புரிஞ்சுடுத்து. எப்படியும் வியாழக்கிழமை டாக்டர் கண்டுபிடிச்சுடுவார், நீ எதுக்குத் தெரிஞ்சுக்கணும்னு நினைச்சேன். தெரிஞ்சா நீ இப்படி வந்து படியில நிப்பேன்னு தெரியும்."

"நான் கூப்பிட்டுத்தானே வந்தது?"

இவர் பையை உலர்ந்த படியில் வைத்தார்.

"நீ கூப்பிட்டது காவேரியைத்தான். அவ வந்தா. கூட யார் யார் வந்தான்னு நீ எப்படிப் பார்ப்பே?" என்றார்.

சொல்லிவிட்டுக் கம்பியை விட்டார். முதல் படி, இரண்டாவது படி, மூன்றாவது படி. முழங்கால் தண்ணீருக்கே நடுங்குகிறவர், இடுப்பளவு இறங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றின் நடுப்பக்கம் பார்த்துக் கையை விரித்து நின்றார். பக்கத்தில் முழுகிக்கொண்டிருந்தவர்கள் இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

இங்கே முதலை கிடையாது என்றேன். தெரியும், நீ முழுகு என்றார்.

நான் இறங்கினேன். காவேரியை இங்கே கூப்பிட வேண்டியதில்லை, அவள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். மூன்று முழுக்குப் போட்டேன். மூன்றாவது முழுக்கிலிருந்து எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதும் இவர் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தார், எதையும் பிடித்துக்கொள்ளாமல்.